சிற்றிலும் திரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவுக்கு அழைக்கப்படுவோர் சங்கத்தின் தொண்டினைப் பாராட்டி, இளைஞர்க்கு நாலு புத்திமதி கூறி, மாலையைப் பெற்றுக்கொண்டு இறங்குவது வழக்கம். இம்முறை நிருவாக சபையார் என்னை அவ்வளவு இலகுவில் விடுவதாக இல்லை. நமது சங்கம் நடத்திவரும் பாலர் பாடசாலைக்கு, வெளிநாடுகளில் வாழும் நம்மூர்ப் பிள்ளைகள் பணம் சேர்த்து அனுப்ப முன்வந்திருக்கிறார்கள். அப்பணத்திலே பத்து 'டெப்' கணினிகள் வாங்கி, மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகள் அவற்றினுள்ளே விளையாடிக் கற்கும்படி செய்யலாம் என்பது ஒரு யோசனை. இளைஞர்களில் ஒரு சாரார் இஃது இன்றே செய்யத்தக்கது என்கின்றனர். பெரியோர்களில் ஒரு சாரார், "கண்ணும் போகும், புத்தியும் போகும்" என்கின்றனர். இரு சாராரும் என் பழைய மாணவர்கள். ஆதலால் நீயே வந்து சொல் என்று என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

என் தீர்ப்பை ஒளித்துவைத்துப் பேச நான் விரும்பவில்லை. அந்தப் பணத்தின் பெரும்பகுதி மணலுக்கும் மரநிழலுக்கும் மனிதருக்கும் போகவேண்டும். எஞ்சியது திரைக்குப் போகலாம் என்பதே என் கருத்து. இதற்குரிய காரணங்களைக் கூறுவதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இந்தப் பொருள் யாது என்று பார்ப்போம். 'மெய்நிகர் விளையாட்டுவெளி' என்று இக்காலத்தார் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மெய்யன்று, ஆனால் மெய்யை நிகர்த்தது. திரையிலே ஒரு தோட்டம் தெரியும். குழந்தை விரலால் தொட்டால் பூ மலரும். முயலைத் தொட்டால் முயல் பேசும். குழந்தை ஒன்று செய்ய, அதற்கு அந்த வெளி ஒன்று செய்யும். வெறும் படக்காட்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. படக்காட்சி நாம் இருந்தாலும் ஓடும், எழுந்து போனாலும் ஓடும். இதுவோ குழந்தையின் கையை எதிர்பார்த்து நிற்கும்.

இதனைப் புதுமை என்று கூறுவோர் நமது பிள்ளைத்தமிழ் நூல்களை ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கு உரியவை. சிற்றில் என்றால் சின்ன வீடு. சிறுமியர் மணலிலே வீடு கட்டி, அதற்குள்ளே சோறு ஆக்கிக் கறி சமைத்து, வராத விருந்தினரை உபசரிப்பார்கள். அந்த வீட்டைக் காலால் அழிக்காதே என்று பாட்டுடைத் தலைவனிடம் கெஞ்சுவதாகக் கவிஞர்கள் பாடினர். அந்த மணல்வீடு மெய்யா, மெய்நிகரா? நம்மூரிலும் சிரட்டையிலே மண்சோறு வடித்துப் பூவரசம் இலையிலே பரிமாறிய பாட்டிமார் இந்தச் சபையிலே இருக்கிறார்கள். இரண்டு குரும்பட்டியை ஈர்க்கிலே குத்திச் சில்லாக்கித் தேர் இழுத்த பாட்டன்மாரும் இருக்கிறார்கள். அந்தத் தேருக்கு வடமும் இருந்தது, வீதியும் இருந்தது, முட்டுக்கட்டை போடுபவன்கூட இருந்தான்!

அம்புலிப் பருவம் என்பது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. குழந்தையோடு விளையாட வா என்று நிலவை அழைப்பது அது. சாமம், பேதம், தானம், தண்டம் என்று நால்வகை உபாயத்தாலும் கவிஞர் நிலவை அழைப்பர். நிலவு இறங்கி வருவதில்லை. ஆயினும் குழந்தை ஏமாறுவதில்லை. ஏனெனில், நிலவுக்காகப் பேசுவதும் நிலவுக்காக மறுமொழி கூறுவதும் குழந்தையை இடுப்பிலே வைத்திருக்கும் தாய். ஒளிவிடும் அந்த வட்டத்தைக் காட்டிச் சோறூட்டினாள் நம் அன்னை. இன்று ஒளிவிடும் சதுரத்தைக் காட்டிச் சோறூட்டுகிறார்கள். வட்டம் சதுரமாயிற்று என்பதல்ல என் கவலை. சதுரத்தைக் கையிலே கொடுத்துவிட்டுத் தாய் அடுப்படிக்குப் போய்விட்டாள் என்பதுதான்.

நிற்க. கணினி வழியான இத்தகைய விளையாட்டுவெளியை அறிஞர்கள் எப்படிக் கட்டினார்கள் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அறியாமற் பழிப்பது அழகன்று.

1996ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வுகூடத்திலே, ஆரோன் பொபிக் என்பவரும் அவருடைய மாணாக்கரும் ஓர் அறையை உண்டாக்கினார்கள். 'பிள்ளைகளின் அறை' என்று அதற்குப் பெயர். பார்வைக்கு அது சாதாரணப் படுக்கையறை. ஒரு கட்டில், சில தளபாடங்கள். இரண்டு சுவர்கள் மாத்திரம் திரைகள். மேலேயிருந்து ஒளிப்படக் கருவிகள் பிள்ளைகளின் அசைவைக் கவனித்துக் கணினிக்குச் சொல்லும். பிள்ளைகள் ஒவ்வொரு தளபாடத்திடமும் போய் மந்திரச் சொல் யாது என்று கேட்கவேண்டும். தளபாடங்கள் பேசும். சொல்லைக் கண்டுபிடித்து எல்லோரும் கூவினால் அறை காடாக மாறும். பின்பு ஆறு வரும். கட்டில் தோணியாகும். பிள்ளைகள் அதன்மேல் ஏறித் துடுப்புப் போடுவதுபோலக் கையை அசைத்தால் கரைகள் பின்னோக்கி ஓடும். பாறை குறுக்கிட்டால் அதற்கேற்ற பக்கத்திலே வலிக்கவேண்டும். இறுதியில் பூதங்களின் நாடு. பூதங்கள் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கும். பிறகு பிள்ளைகள் ஆட, பூதங்கள் பார்த்து ஆடும்.

கண்ணிலே மூடி மாட்டாமல், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனித் திரைக்குள் அடைக்காமல், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, இடித்து, சிரித்து விளையாடவேண்டும் என்பதே அதைக் கட்டியவர்களின் நோக்கம். அதற்காகவே அவ்வளவு பாடுபட்டார்கள். நான் அவர்களை மதிப்பது இதனாலேதான். எனினும் ஒரு செய்தியைக் கவனியுங்கள். மந்திரச் சொல்லைப் பிள்ளைகள் கூவினார்கள் என்றேனல்லவா? அந்த அறைக்குச் சொல் விளங்காது. அறையிலிருந்த ஒலிவாங்கி எவ்வளவு பலமாகக் கூவினார்கள் என்பதை மட்டுமே அளந்தது. குரலின் உரப்பு கேட்டது, குரல் கேட்கவில்லை. இன்று கணினிகள் பேச்சை ஓரளவு புரிந்துகொள்கின்றன. ஆனால் பேசும் பிள்ளை பயந்து பேசுகிறதா, பசித்துப் பேசுகிறதா என்று அறிந்து மறுமொழி சொல்வது வேறு.

அதே 1996ஆம் ஆண்டிலே, பூமியின் மறுபக்கத்திலே, நமது மட்டக்களப்பிலே வேறொரு விளையாட்டுவெளி திறக்கப்பட்டது. இளைஞர்களுள் எத்தனை பேர் இதனை அறிவீர்கள்? 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' என்பது அதன் பெயர். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தந்தையை இழந்த பிள்ளை, வீட்டை இழந்த பிள்ளை, கண்ணாற் காணக்கூடாதவற்றைக் கண்ட பிள்ளை என்று வாவியின் இரு கரையிலும் எத்தனையோ பேர். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒன்றையொன்று அஞ்சி நின்றன. அந்த நாளிலே, இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகம் அவர்களும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகன் அவர்களும் சேர்ந்து இப்பூங்காவை உண்டாக்கினார்கள். ஹோகன் அதற்கு முன்னர் ரொறன்ரோ நகரிலே, உடற்குறையுள்ள பிள்ளைகளும் அயலிலுள்ள பிள்ளைகளும் ஒன்றாய் விளையாடும் ஒரு தோட்டத்தை அமைத்து அநுபவம் பெற்றவர். கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தார் யுத்தப் பிரதேசக் குழந்தைகளைப் பற்றிச் செய்த ஆய்வும் இம்முயற்சிக்குத் துணையாயிற்று.

என்ன செய்தார்கள்? ஒரு பேருந்து கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்து வரும். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வண்டி. வாரத்தில் ஒருநாள் வீதம் பல மாதங்கள் அதே பிள்ளைகள் வருவார்கள். களிமண் பிசைவார்கள், வர்ணம் தீட்டுவார்கள், கதை கட்டுவார்கள், அக்கதையை நடிப்பார்கள், பாடுவார்கள், செடி நடுவார்கள். உபகரணம் என்று சொல்லத்தக்கது மண்ணும் வர்ணமும் மரநிழலும். ஆனால் அங்கே விலைமதிக்க இயலாத ஒன்று இருந்தது. பிள்ளைகளோடு கூடி விளையாடுவதற்கென்றே பயிற்றப்பட்ட இளைஞர்களும் யுவதிகளும் இருந்தார்கள். அவர்களிற் பலர் தாமும் அதே யுத்தத்தின் வடுவைச் சுமந்தவர்கள். "உனக்கு என்ன நடந்தது, சொல்" என்று அவர்கள் பிள்ளையை நெருக்கவில்லை. பிள்ளை களிமண்ணிலே ஒரு பூதத்தைச் செய்தால், அந்தப் பூதத்தோடு பேசத் தொடங்கினார்கள். பத்திரீசியா லோரன்ஸ் என்னும் மானிடவியலாளர் இப்பூங்காவைப் பற்றி எழுதிய நூல் 2003ஆம் ஆண்டிலே கொழும்பிலே வெளிவந்தது.

அங்கே வந்தவர்கள் பாலர் வயது கடந்தவர்கள் என்பதும், அவர்களுக்கு வேண்டியிருந்தது நமது பாலர்களுக்கு வேண்டியதினும் கனமானது என்பதும் உண்மைதான். இருந்தும் ஏன் இதனை எடுத்துக்கொண்டேன்? ஒரே ஆண்டிலே எழுந்த இரண்டு வெளிகளிலும் பூதங்கள் உண்டு. அங்கே பூதம் பிள்ளையின் அசைவைப் பார்த்து ஆடியது. இங்கே பூதத்தைப் பிள்ளையே படைத்தது. அதற்கு மறுமொழி சொன்னவன் ஒரு மனிதன். அமெரிக்க அறைக்கு வேண்டிய கருவிகளை வாங்க நம்மால் அன்றும் முடியாது, இன்றும் முடியாது. பூங்காவுக்கு வேண்டியவை எல்லாம் இந்த வாவிக்கரையிலேயே இருந்தன.

இனி, மறுமொழி என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று விஞ்ஞானிகள் கூறுவதைக் கேளுங்கள்.

அமெரிக்காவிலே பத்ரீசியா கூல் என்னும் அம்மையார் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஆங்கிலம் பேசும் வீடுகளிலுள்ள ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார். ஒரு கூட்டத்துக்குச் சீனம் பேசுவோர் நேரிலே வந்து பன்னிரண்டு அமர்வுகளில் பொம்மை காட்டிப் பேசி விளையாடினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே பேச்சு தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. நேரிலே கேட்ட குழந்தைகள் சீன மொழியின் நுண்ணிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். திரையிலே பார்த்த குழந்தைகளோ அம்மொழியைக் கேளாத குழந்தைகளைப் போலவே இருந்தார்கள். அதே சொற்கள். திரை குழந்தையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் திரை எல்லாம் வீணா? அவசரப்படாதீர்கள். 2014ஆம் ஆண்டு இன்னொரு சோதனை வெளிவந்தது. இரண்டு வயது கடந்த குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்கள் கற்பிக்கப்பட்டன. ஒரு கூட்டத்துக்கு நேரிலே. ஒரு கூட்டத்துக்குக் காணொளி அழைப்பிலே; அதாவது, திரைக்கு அப்பால் ஒருவர் இருந்து அக்குழந்தையைப் பார்த்து, அதன் பேச்சுக்கு மறுமொழி சொல்லிக் கற்பித்தார். மூன்றாவது கூட்டத்துக்கு முன்பே பதிவுசெய்த காட்சி. நேரிலே கற்றவர்களும் அழைப்பிலே கற்றவர்களும் சொற்களைக் கற்றார்கள். பதிவைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. ஆகவே குற்றம் கண்ணாடியில் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கல்லடியிலே இருந்துகொண்டு ரொறன்ரோவிலுள்ள பேரனுக்குக் கைபேசியிலே கதை சொல்லும் அம்மம்மாவை இந்த ஆராய்ச்சி வாழ்த்துகிறது. அவர் பயமின்றிக் கதையைத் தொடரலாம்.

இங்கே ஒருவர், "மணல் மறுமொழி சொல்லுமா?" என்று கேட்கக்கூடும். சொல்லும். மரியா மொண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு உரோமை நகரின் ஓர் ஏழைக் குடியிருப்பிலே தம் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், யுத்தத்தால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, 1946வரை ஆசிரியர்களைப் பயிற்றினார். இடையிலே 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். இன்றைக்கும் நம் நாட்டிலே பாலர் பாடசாலை எதுவாயினும் 'மொண்டிசோரி' என்றே சொல்கிறோம்; அவருடைய முறை அங்கே இருக்கிறதோ இல்லையோ, பெயர் இருக்கிறது. அவர் ஆக்கிய உபகரணங்களிலே ஒன்று, குழிகள் உள்ள மரக்கட்டை. ஒவ்வொரு குழிக்கும் அளவான உருளை ஒன்று உண்டு. தவறான குழியிலே வைத்தால் கடைசி உருளைக்கு இடம் இராது. ஆசிரியை வாய்திறக்க வேண்டியதில்லை. பிழையை மரக்கட்டையே காட்டிக்கொடுக்கும். மணலும் அப்படித்தான். ஈரமணல் நிற்கும், காய்ந்த மணல் சரியும். சிரட்டையை மெல்லத் தூக்கினால் இட்டலிபோல் வரும். வெடுக்கென்று தூக்கினால் உதிரும். இது உலகம் சொல்லும் மறுமொழி. திரையிலுள்ள மணலோ, அதனைச் செய்தவன் எப்படிச் சரியவேண்டும் என்று எழுதினானோ அப்படித்தான் சரியும். அங்கே குழந்தை மணலை அறியவில்லை. மணலைப் பற்றி ஒருவன் நினைத்ததை அறிகிறது.

கடையிலும் கைபேசியிலும் 'பாலர் கல்வி' என்ற பெயரிலே கிடைக்கும் விளையாட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலவற்றை இருந்து பார்த்தேன். சரியான எழுத்தைத் தொட்டால் நட்சத்திரம் பொழிகிறது, கைதட்டல் கேட்கிறது. பிழையான எழுத்தைத் தொட்டால் ஒரு விநோதச் சத்தம். குழந்தைகளுக்கு அந்த விநோதச் சத்தமே பிடித்திருப்பதால் வேண்டுமென்றே பிழையாகத் தொடுகிறார்கள்! தமிழிலே உள்ளவற்றிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கென ஆக்கப்பட்டவை. அதிலே தவறில்லை. ஆனால் சிரட்டையைக் கொட்டாங்குச்சி என்று ஒரு குரல் சொல்ல, நமது குழந்தை விழிக்கும்போது அருகில் ஒருவர் இருந்து, "அது நம்மட சிரட்டைதான் மகள்" என்று சொல்லவேண்டாமா?

எனினும் கணினியை நல்வழியிலே குழந்தையிடம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். சீமோர் பப்பேற் என்பவர் ஜெனீவாவிலே பியாஜே என்னும் உளவியல் மேதையோடு பணிபுரிந்தவர். 1967இல் அவரும் நண்பர்களும் பிள்ளைகளுக்கென ஒரு கணினி மொழியை உண்டாக்கினார்கள். தரையிலே ஊரும் ஓர் இயந்திர ஆமை, பிள்ளை இட்ட கட்டளைப்படி முன்னே போகும், திரும்பும், கோடு வரையும். 1970களின் நடுப்பகுதியிலே றேடியா பேர்ள்மன் என்னும் மாணவி, எழுத்தறியாத சின்னஞ்சிறு குழந்தைகளும் அந்த ஆமையை ஆளும்படி பொத்தான்கள் உள்ள பெட்டி ஒன்றைச் செய்தார். (இதே அம்மையார்தான் பிற்காலத்திலே கணினி வலையமைப்புகளை இணைக்கும் முறையிலே பெரும்பெயர் பெற்றவர். பாலர்க்குப் பொம்மை செய்வது சிறுவேலை என்று எண்ணும் எந்திரவியல் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்க.) அங்கே குழந்தை இயந்திரத்துக்குக் கட்டளை இட்டது. இன்று விற்கப்படுவனவற்றிற் பல, இயந்திரம் குழந்தைக்குக் கட்டளை இடுபவை. தொடு என்றால் தொடவேண்டும், அடுத்தது என்றால் அடுத்தது. இரண்டும் திரைதான், இரண்டும் விளையாட்டுத்தான் என்று ஒரே கூடையிலே போடுவது சரியன்று.

கண்ணைப் பற்றிக் கவலைப்படும் பெரியோர்க்காக இதனையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலிலே ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கு வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. ஒரு வயதும் அதற்குக் கீழும் திரையே வேண்டாம். இரண்டு முதல் நாலு வயதுவரை, உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, குறைந்தால் நன்று. மூன்று, நாலு வயதுக் குழந்தைகள் நாளிலே மூன்று மணித்தியாலமாவது ஓடியாடவேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்தை வீட்டிலே கைபேசி ஏற்கெனவே உண்டுவிடுகிறது. எஞ்சிய எதனை நாம் பாடசாலையிலே எடுக்கப்போகிறோம்?

இப்பொழுது இளைஞர்களின் கட்சியை நான் பேசவேண்டும். இல்லாவிட்டால் அது நீதியாகாது.

அவர்கள் சொல்வது இது: "ஐயா, நகரத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே எல்லாம் உண்டு. படுவான்கரைப் பிள்ளைக்கு நாமும் கொடாவிட்டால் யார் கொடுப்பார்?" இதனை நான் இலகுவாகத் தள்ளமாட்டேன். 2020 மார்ச்சிலே கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸ்அப்பிலே வந்தன. கருவி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை வரவில்லை. நாட்டின் பல கிராமங்களிலே சமிக்ஞை தேடி மேட்டிலும் மரத்திலும் ஏறிய பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையிலே படித்தோம். அந்த வேதனையைக் கண்ட இளைஞன், கருவி என்றால் உயிர் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்; பாடத்தைத் தேடி ஏறினார்கள். நாலு வயதுக் குழந்தை பாடத்தைத் தேடி ஏறுவதில்லை. ஆளைத் தேடி ஏறுகிறது, அதுவும் மடியிலே.

பேசவியலாத குழந்தைக்கு இக்கருவி வாயாகலாம். படத்தைத் தொட்டால், "தண்ணீர் வேண்டும்" என்று அது பேசும். அப்படி ஒரு குழந்தை நம் பாடசாலைக்கு வந்தால் அதற்குத் தனியே ஒரு கருவி, கேள்வியின்றி வாங்கவேண்டும். நாம் காட்ட இயலாதவற்றையும் திரையிலே காட்டலாம். பனி பெய்வதை, திமிங்கிலத்தை. யானையைக் காட்டவேண்டியதில்லை. படுவான்கரையிலே யானை வேலியடிக்கே வந்து நிற்கிறது. குழந்தைகள் நடித்த கதையைப் பதிந்து அவர்களுக்கே மீண்டும் காட்டலாம். தாம் செய்ததைத் தாமே பார்ப்பதிலே அவர்களுக்குள்ள ஆனந்தம் பெரிது. தூரதேசத்திலுள்ள மாமாவையோ மாமியையோ அழைத்து ஒரு கதை சொல்லச் செய்யலாம். பணம் அனுப்பும் நம்மூர்ப் பிள்ளைகளே, பணத்தோடு வாரத்திலே அரை மணித்தியாலமும் அனுப்புங்கள்! இவ்வளவுக்கும் இரண்டு கருவி போதும். அவை ஆசிரியையின் கையிலே இருக்கவேண்டும்.

நமது நாட்டார் கலையிலும் இதற்கு வழி இருக்கிறது. வசந்தன் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவர்கள் வட்டமாக நின்று கோலடித்து ஆடுவது. சதாசிவ ஐயர் அவர்கள் மட்டக்களப்பு வசந்தன் பாடல்களைத் தொகுத்து 1940இலே நூலாக்கி வைத்தார். ஒருவன் அடியைத் தவறவிட்டால் எதிரே நிற்பவனின் கோல் காற்றிலே போகும். இவன் செய்வதற்கு அவன் மறுமொழி, அவன் செய்வதற்கு இவன் மறுமொழி. பாலர்க்கு முழு ஆட்டமும் கூடாது. இரண்டு சிறு கோலும் நாலு அடியும் போதும். நமது அங்கத்தவர்களிலே கூத்துப் பழகியவர்கள் சிலர் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒருநாள் காலையிலே வருவீர்களா என்று பகிரங்கமாகவே கேட்கிறேன். அண்ணாவியார் கூப்பிட்டால் நள்ளிரவிலும் களரிக்குப் போகிறவர்கள், ஐந்து வயதுக்காரர் கூப்பிட்டால் ஒன்பது மணிக்கு வரமாட்டீர்களா?

ஆக, நிருவாக சபையின் முன் என் வேண்டுகோள் இதுதான். பத்துக் கருவிக்கென்று குறித்த பணத்திலே இரண்டு கருவி வாங்குவோம். நமது இரண்டு ஆசிரியைகளின் மாதக் கொடுப்பனவு எவ்வளவு என்று இந்தச் சபையிலே சொன்னால் நாம் எல்லோரும் தலைகுனிய வேண்டிவரும். ஆதலால் தொகையைச் சொல்லாமல் அதை உயர்த்துவோம். மூன்றாவதாக ஒரு யுவதியை, குழந்தைகளோடு விளையாடுவது மட்டுமே தன் கடமையாக உடையவளை, நியமிப்போம். விளையாடுவதற்குச் சம்பளமா என்று சிரிக்கவேண்டாம். பின் முற்றத்துப் பூவரச மரத்தின் கீழே மணற்றொட்டி ஒன்று கட்டுவோம். சிரட்டை, மரக்கட்டை, பழைய வாளி, குரும்பட்டி எல்லாம் ஊரிலே சும்மா கிடக்கின்றன.

மணலைப் பற்றிச் சில காரியங்கள். ஆற்றுமணல் ஏற்றுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை முறைப்படி பெறுக. இரவிலே நாய் பூனை புகாதபடி தொட்டிக்கு மூடி அவசியம். கிழமைக்கு ஒருமுறை கிளறிக் காயவிடவும் வேண்டும். கார்த்திகை மார்கழியிலே வாவி நிரம்பி முற்றம்வரை தண்ணீர் வருவது நீங்கள் அறிந்ததே. ஆகவே தொட்டியைத் தரைமட்டத்திலே கட்டாமல் இரண்டு முழம் உயர்த்திக் கட்டவேண்டும். இவை எல்லாவற்றிற்கும் முன்னே வாவிப்பக்கத்து வேலி. இப்போதுள்ள கம்பி வேலிக்கூடாகப் பெரிய ஆட்டுக்கடாவே நுழைகிறது, குழந்தை நுழையாதா? அடுத்த கூட்டத்துக்கு முன்பாக அந்த வேலியின் நீளத்தை இளைஞர்களில் யாராவது அளந்து, விலையும் கேட்டு வரட்டும்.